கிராஃபைட்டின் அடுக்குகளும் கே.எஸ். கிருஷ்ணனும்

அடுக்குப் படிகங்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் முறை பற்றிய வரலாற்றை 2004ஆம் ஆண்டின் கிராஃபீனிலிருந்து தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. 1930களில் கல்கத்தாவில் நடந்த பணி அதனால் விடுபட்டுப்போகிறது.

வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், இராமனுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபின் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்பை அளக்கத் தொடங்கினார். சிறு படிகமொன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப் புலத்தினுள் தொங்கவிடுவார். புலம் அதை நிறுத்தும் நிலையிலிருந்து பிறழச்செய்ய இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார். கருவி எளியது, கேள்வி எளியதன்று. 1933இல் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்துக்குத் திரும்பிய அவரைக் கிராஃபைட் ஈர்த்தது. அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் அதன் டயாகாந்த ஏற்புத்திறன், அடுக்கின் தளத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. அடுக்குத் தளத்துக்குள் தடையின்றி உலவும் எலக்ட்ரான்களே இதற்குக் காரணம் என்று 1941இல் கங்குலியுடன் எழுதிய கட்டுரையில் அவர் விளக்கினார். கிராஃபைட்டுக்கான வாலஸின் பட்டைக் கோட்பாடு வந்தது 1947இல்தான்.

(இலங்கைத் தமிழ் நூல்கள் கிராஃபைட்டைக் 'காரீயம்' என்கின்றன, தமிழகத்தில் அச்சொல் ஈயத்தைக் குறிக்கும். பென்சிலில் ஈயம் இருப்பதான பழைய மயக்கத்தை இருவழக்கும் சேர்ந்து நீடிக்கச் செய்கின்றன.)

முறுக்கு அளவீடு தருவது எலக்ட்ரான்களின் கூட்டு விளைவை மட்டுமே. ஒவ்வொரு நிலையும் எத்திசையில் நீள்கிறது என்பதை அது தனித்துக் காட்டாது. அப்பணியைச் செய்தது எக்ஸ் கதிர் உட்கவர்தல். கார்பனின் உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்று கதிரை உட்கவர்ந்து, வெற்றாக உள்ள உயர்நிலைக்குத் தாவுகிறது. சிங்க்ரோட்ரான் கதிரின் மின்புலம் அடுக்குகளுக்குச் செங்குத்தாக இருந்தால் 285 எலக்ட்ரான் வோல்ட் அருகே பை நிலையின் முகடு எழும். தளத்துக்கு இணையாக இருந்தால் அது மறைந்து, 292 அருகே சிக்மா முகடு ஓங்கும். 1986இல் ரோசன்பெர்க், லவ், ரென் ஆகியோர் கிராஃபைட் படிகத்தைத் திருப்பித் திருப்பி இதை விரிவாக அளந்தனர். படிகத்தின் திசையையே கருவியாக்கும் அந்த உத்தியைக் கிருஷ்ணன் இழையில் தொங்கவிட்டே கையாண்டிருந்தார். அவர் மறைந்தது 1961இல். இன்று அத்தகைய மென் எக்ஸ் கதிர் அளவீடுகள் இந்தோரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானிலும் நடைபெறுகின்றன.