சிக்கிம்: ஒரு மலையரசின் கதை

2022-இல் பிரிக்கப்படுவதற்கு முன்னிருந்த சித்தூர் மாவட்டத்தின் பரப்பில் பாதிகூடத் தேறாத ஒரு நாட்டில், 333 ஆண்டுகள் ஒரே அரசகுடி ஆட்சி புரிந்தது. அதுவே சிக்கிம். திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழராகிய நமக்கு எல்லை மாற்றம் புதிதன்று. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, கோட்டுக்கு இப்பால் நின்றுவிட்டவர்கள் நாம். ஆதலின் சிக்கிமின் வரலாற்றை நாம் சற்று உற்று நோக்கலாம்.

1642-இல் யுக்சோம் என்னும் ஊரில் மூன்று பௌத்தத் துறவியர் கூடிப் புன்ட்சோக் நம்கியாலை மன்னராக முடிசூட்டினர். 'சோக்யால்', அதாவது அறவேந்தர், என்பது அவர்க்குச் சூட்டிய பட்டம். திபெத்திலிருந்து வந்த பூட்டியரும், அம்மண்ணின் முதற்குடிகளான லெப்சாக்களும் கஞ்சன்ஜங்கா மலையைக் காவல் தெய்வமாகக் கொண்டனர். நம்மவர்க்கு ஏழுமலை எப்படியோ, அவர்கட்கு அம்மலை அப்படி. 1955-இல் அதன்மீது முதன்முதல் ஏறிய பிரிட்டிஷ் வீரர்கள், சிக்கிமியரின் நம்பிக்கையை மதித்து, உச்சியை மிதியாமல் சில அடிகள் முன்னரே நின்றுவிட்டனர். வெற்றியைவிட அந்த அடக்கம் பெரிதென்றே நாம் கருதுகிறோம்.

கூர்க்கர் படையெடுப்புகளால் தளர்ந்த அரசு, 1835-இல் டார்ஜிலிங்கை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. பின்னர் அவர்களது ஆதரவோடு நேபாளியர் திரளாகக் குடியேறிப் பெரும்பான்மையினர் ஆயினர். 1950-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் சிக்கிம் இந்தியாவின் பாதுகாப்புக்கு உட்பட்ட அரசாயிற்று. ஆனால் அதன் ஆலோசனை மன்றத்தில் பெரும்பான்மையினர்க்கும் சிறுபான்மையினர்க்கும் சம இடங்களே தரப்பட்டன. ஒரு தலைக்கு ஒரு வாக்கு வேண்டும் என்ற குரல் 1973-இல் கிளர்ச்சியாக வெடித்தது.

1975 ஏப்ரலில் அரண்மனைக் காவற்படையின் ஆயுதங்களை இந்தியப் படை களைந்தது; சில நாள்களிலேயே பொதுவாக்கெடுப்பு நடந்தது. மன்னராட்சி ஒழிவும் இந்தியாவில் இணைவும் ஒரே வினாவில் கேட்கப்பட்டன. ஆதரவாக 59,637 வாக்குகள், எதிராக 1,496. மே 16-இல் சிக்கிம் 22-ஆவது மாநிலமாயிற்று. மக்களாட்சி வேட்கை மெய்யானதே; எனினும் இரு வினாக்களைத் தனித்தனியே கேட்டிருக்கலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் கண்ணில் முதலில் படுவது, அதன் பின்னர் எழுதப்பட்ட சட்டமே. அரசியலமைப்பின் 371-எஃப் பிரிவு சிக்கிமின் பழைய சட்டங்களைக் காத்தது. 1977-இல் நேபாளி, பூட்டியா, லெப்சா மூன்றும் ஆட்சிமொழிகளாயின. பின்னர் லிம்புவும் சேர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே 6,10,577. அதில் லெப்சாக்கள் ஒரு சிறு பகுதியினர். ஆயினும் தமக்கென எழுத்துடைய அவர்களது மொழி பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது.

இன்னொரு புதுமையும் உண்டு. மாநிலத்தின் 32 சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்றன் பெயர் 'சங்கம்'. மடாலயங்களைச் சேர்ந்த துறவியரே அதன் வாக்காளர். மன்னர் காலத்தில் தோன்றிய அந்த இடம் செல்லுமா என்று வழக்குத் தொடுக்கப்பட்டது; 1993-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தேர்தல் நாளில் அத்துறவியர்க்கெனத் தனி வாக்குப்பதிவு இயந்திரம் வைக்கப்படுகிறது. எந்த நில எல்லையும் வகுக்கப்படாத தொகுதி அது. மடாலயம் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் அது உண்டு.