காரப்பேட்டையும் வலி நீக்கத்தின் வரலாறும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த பேரறிஞர் அண்ணா, 1968இல் நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று, 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தபின், அவர் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அக்காலத்தில் அறுவைக்குப் பிந்தைய கடும் வலிக்கு, அபினியிலிருந்து பெறப்படும் மார்ஃபினும் அதன் வகை மருந்துகளுமே பெருந்துணையாக இருந்தன. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கொணர்ந்த உரிமக் கெடுபிடிகளால், அச்சட்டம் 2014இல் திருத்தப்படும்வரை, வலியில் துடித்த நோயாளிக்கும் மார்ஃபின் எளிதில் கிட்டவில்லை. 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் வலியுறுத்திய பன்முக வலி நீக்க முறை, பாராசிட்டமால், அழற்சி தணிக்கும் மருந்து, நரம்பருகே ஊசியால் செலுத்தி அப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து ஆகியவற்றை ஒன்றிணைத்து, மார்ஃபினின் தேவையையும் அது தரும் குமட்டல், மலச்சிக்கல் போன்ற தொல்லைகளையும் குறைக்க வழிகாட்டியது. எனினும் மார்ஃபினைக் குறைப்பது வேறு, மறுப்பது வேறு. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது ஒருபோதும் மருத்துவமாகாது.