மார்புக்கச்சு அளவு

மார்புக்கச்சு அளவு என்பது பிரா எனப்படும் மார்புக்கச்சின் பட்டை அளவை எண்ணாலும் கிண்ண அளவை எழுத்தாலும் குறிக்கும் முறையாகும் (எ.கா: 34பி). கிண்ணத்துக்கு எழுத்திடும் வழக்கம் 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது.

வீட்டில் அளத்தல்

தையல் அளவுநாடாவை மார்புக்குச் சற்றுக் கீழே, மூச்சை வெளிவிட்ட நிலையில் இறுக்கிச் சுற்றினால் கிடைப்பது பட்டை அளவு. ஒற்றைப்படை எண் வந்தால் அடுத்த இரட்டைப்படை எண்ணைக் கொள்ளலாம். பின்னர் மார்பின் பருத்த பகுதியை இறுக்காமல் அளக்க வேண்டும். முதுகுப்புறம் நாடா கீழிறங்கினால் அளவு பிழையாகும். வேறுபாடு 1 அங்குலமாயின் ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டிடி.

கீழளவுடன் 4 அங்குலம் கூட்டும் பழைய முறையைச் சில அட்டவணைகள் இன்றும் பின்பற்றுகின்றன. கீழளவு 30, மார்பளவு 35 அங்குலம் உள்ளவருக்கு அம்முறை 34ஏ என்றும், நேரடி அளவீடு 30டிடி என்றும் காட்டும். முன்னதில் பட்டை தளரும், கிண்ணம் போதாது. எடையைப் பெரிதும் தாங்குவது பட்டையே; அது தளர்ந்தால் சுமை தோள்வார்களுக்கு மாறித் தோளில் தழும்பும் வலியும் உண்டாகும்.

டி என்றாலே பெரிய மார்பு என்பது தவறான எண்ணம். கிண்ணத்தின் கொள்ளளவு பட்டையைப் பொறுத்தது; 32சி, 34பி, 36ஏ மூன்றும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவுடையவை.

நாளடைவில் பட்டை நெகிழுமாதலால், புதிய கச்சு கடைசிக் கொக்கியில் பொருந்துவதே நன்று.