பேராயர் லூயி மத்தியாஸும் பூந்தமல்லிக் குருமடமும்: புகழுரைகள் விட்டுச்சென்ற இடம்

மறைந்த திருச்சபைத் தலைவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் விழா மலர்களில்தான் இடம்பெறுகின்றன. வெள்ளிவிழா, பொன்விழா, நூற்றாண்டு என்று வெளிவரும் இம்மலர்களில் ஒருவரது வாழ்வு, அவர் எழுப்பிய ஆலயங்கள், திறந்த பள்ளிகள், வகித்த பதவிகள் என்ற நிரலாகச் சுருங்கிவிடுகிறது. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயரான லூயி மத்தியாஸ் (1887–1965) இவ்வகை நினைவுகூரலில் அதிகம் இழந்தவர். அவர் காலத்தில் எழுந்த கட்டடங்கள் ஏராளம் என்பதால், அவரைக் கட்டுநராக மட்டும் போற்றுவது எளிதாகிவிட்டது. ஆனால் அவரது கல்விப் பணியின் உரைகல் 1936-இல் பூந்தமல்லியில் தொடங்கப்பட்ட திருஇருதயக் குருமடம் என்பதே என் துணிபு. ஐரோப்பியத் தலைமை தேவைப்படாத ஒரு நாளுக்கான ஆயத்தமாக அக்குருமடத்தைப் படித்தால்தான் மத்தியாஸ் என்ற ஆசிரியர் நமக்குப் புலப்படுவார். அந்த ஆயத்தத்தின் குறைகளும் அப்போதுதான் தெரியவரும்.

மத்தியாஸ் பாரிஸில் பிறந்தவர். சலேசியத் துறவற சபையில் சேர்ந்து, 1922-இல் முதல் சலேசியக் குழுவுக்குத் தலைமையேற்று அஸ்ஸாம் பகுதிக்கு வந்தார். 1934-இல் ஷில்லாங் ஆயரானார். மறு ஆண்டே மதராஸ் பேராயராக மாற்றப்பட்டார். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த யூஜின் மெதர்லே, தஞ்சையில் நெடுங்காலம் உழைத்த சலேசியர். 1934 டிசம்பரில் இறந்தார். மத்தியாஸ் வந்திறங்கிய மதராஸ் அவருக்கு முற்றிலும் புதிய நிலம். மொழி புதிது, மக்கள் புதியவர்கள். அஸ்ஸாமில் அவர் பார்த்தது இளந்திருச்சபை. இங்கே இருந்ததோ நூற்றாண்டுகளாக வேரோடிய, சாதிப் பூசல்களும் ஆட்சியுரிமை வழக்குகளும் மண்டிய திருச்சபை. அப்படிப்பட்ட இடத்தில் பொறுப்பேற்ற அடுத்த ஆண்டே அவர் கைவைத்த வேலை குருமடம் என்பது கவனத்துக்குரியது.

உள்ளூர்க் குருக்களை உருவாக்கும் எண்ணம் மத்தியாஸிடமிருந்து பிறந்ததன்று. 1844-ஆம் ஆண்டுப் புதுச்சேரி மாமன்றம் அதை வலியுறுத்தியது. மறு ஆண்டு ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தலும் அதையே சொன்னது. 1919-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் விடுத்த மடல், மறைபரப்பாளர்கள் தங்கள் நாட்டின் நலனை மறந்து உள்ளூர்க் குருக்களை முழுத் தகுதியுடன் வளர்க்க வேண்டும் என்று கண்டிப்புடன் கேட்டது. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது திபூர்சியுஸ் ரோச் ஆயரானார். இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயர் அவரே. ஆக, 1936-இல் பூந்தமல்லியில் நடந்தது முன்னோடிச் செயல் என்று எழுதும் மலர்க் கட்டுரைகள் வரலாற்றுக்கு நியாயம் செய்யவில்லை.

அப்படியானால் மேலிடத்து ஆணையை நிறைவேற்றிய ஒரு நிர்வாகிக்கு இவ்வளவு பெருமை ஏன் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆணைகள் 90 ஆண்டுகளாக இருந்தன. நிறைவேற்றம்தான் அரிதாக இருந்தது. குருமடம் என்பது உடனடிப் பலன் தராத முதலீடு. ஓர் இளைஞன் தத்துவமும் இறையியலும் முடித்துத் திருப்பொழிவு பெறப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவனுக்கு உணவும் உறைவிடமும் பேராசிரியர்களும் நூலகமும் வேண்டும். அதே பணத்தில் நகருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தால் அடுத்த ஆண்டே சேர்க்கை நடக்கும், ஊர் பாராட்டும். கண்ணுக்குத் தெரியும் பணிகளில் மிகுந்த ஆர்வமுடைய மத்தியாஸ், கண்ணுக்குத் தெரியாத இப்பணியை முதலிலேயே தொடங்கினார். அவருடைய சபையினரே அங்கு பயிற்றுநர்களாக அமர்ந்தார்கள். ஆனால் அவர்கள் உருவாக்கியது சலேசியர்களை அன்று. பங்குகளை ஏற்று நடத்தப்போகும் மறைமாவட்டக் குருக்களை. ஒரு துறவற சபை தன் ஆட்களைக் கொடுத்துத் தனக்கு மாற்றானவர்களை வளர்த்தது என்பதே இதன் பொருள்.

இடத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பூந்தமல்லி, மதராஸ் நகரின் நெருக்கடியிலிருந்து விலகிய ஊர்; ஆனால் பெருஞ்சாலை ஓரத்தில் இருந்ததால் நகரத்துக்கும் உள்நாட்டுக் கிராமப் பங்குகளுக்கும் நடுவில் அமைந்தது. அருகிலிருந்த அம்பத்தூரும் ஆவடியும் அப்போது தொழிற்பேட்டைகள் அல்ல, ஏரிப்பாசன ஊர்கள். குருமாணவன் நகரத்துக் கல்விக்கும் கிராமத்து வாழ்வுக்கும் ஒருங்கே எட்டும் தொலைவில் இருந்தான். இது திட்டமிட்டதா, கிடைத்த நிலத்தின் கொடையா என்பது என் வாதத்துக்கு முக்கியமன்று. விளைவு நல்லதாக அமைந்தது.

அந்த விளைவின் அருமையைக் காலமே விரைவில் காட்டியது. 1939-இல் போர் மூண்டது. ஜெர்மானிய, இத்தாலிய மறைபரப்பாளர்கள் பலரைப் பிரிட்டிஷ் அரசு தடுப்பு முகாம்களில் வைத்தது. வெளிநாட்டுக் குருக்களையே நம்பியிருந்த மறைபரப்புத் தளங்கள் எவ்வளவு நொய்ந்தவை என்பது ஒரே ஆண்டில் வெளிப்பட்டது. விடுதலைக்குப் பின் அயல்நாட்டு மறைபரப்பாளர் வருகைக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு 1956-இல் அவர்களைப் பற்றிக் கடுமையான அறிக்கை தந்தது. இந்தச் சூழலில் பூந்தமல்லி போன்ற குருமடங்கள் இல்லாதிருந்தால் திருச்சபை ஆளின்றித் தவித்திருக்கும் என்பது மிகைக்கூற்றன்று.

1952-இல் நடந்த இணைப்பையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். 1606 முதல் மயிலை மறைமாவட்டம் போர்த்துகீசிய அரசின் திருச்சபைக் காப்புரிமைக்கு (பத்ரோவாதோ) உட்பட்டிருந்தது. மதராஸோ ரோமின் நேரடி மேற்பார்வையில். ஒரே நகரத்தில் இரண்டு ஆட்சியெல்லைகள், இருவேறு பற்றுகள், தீராத மனக்கசப்புகள். 1950-இல் ரோமும் லிஸ்பனும் செய்துகொண்ட உடன்பாட்டால் அந்தக் காப்புரிமை நீங்கிற்று. 1952 நவம்பரில் இரண்டும் ஒன்றாயின. எல்லைக்கோட்டை ஓர் ஆணையால் அழித்துவிடலாம். இரு வேறு மரபுகளில் வளர்ந்த குருக்களை ஒரே குழாமாக்க ஆணை போதாது. ஒன்றாகப் படித்த தலைமுறை வேண்டும். அதற்கான இடம் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தது. 1956-இல் சாந்தோம் பேராலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டதை எல்லா மலர்களும் பெருமையுடன் பதிகின்றன. குருமடத்தின் இந்தப் பங்கும் அதே அளவு இடம் பெறத் தகுதியுடையது.

இனி, குறைகள். முதலாவது மொழி. அக்காலக் குருமடங்களின் பாடமொழி இலத்தீன். அடுத்த நிலையில் ஆங்கிலம். தமிழ்ப் பங்குகளுக்குத் தமிழில் மறையுரை ஆற்றப்போகிறவன் தன் இறையியலை வேற்றுமொழியில் சிந்தித்தான். தமிழ்ப் புலவராகவே விளங்கிய மறைபரப்பாளர் பெஸ்கியின் தமிழை அறிந்த ஒரு திருச்சபைக்கு இது பெரும் பின்னடைவு. இதை மத்தியாஸின் தனிப்பட்ட தவறாகக் கொள்ள முடியாது, உலகம் முழுவதும் அதுவே நெறி. 1963 டிசம்பரில் திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வந்த பிறகே தாய்மொழிக்குக் கதவு திறந்தது. ஆனால் தமிழைக் குருக்கல்வியின் நடுவே வைக்கும் முயற்சிக்கு அவரிடம் இடமிருந்தது என்றே கருதுகிறேன். அவருக்குப் பின் 1966-இல் பேராயரான இரா. அருளப்பா தமிழ்ப் புலமையால் அறியப்பட்டவர். மத்தியாஸ் விட்ட இடத்தை நிரப்ப ஒரு தமிழர் தேவைப்பட்டார் என்பது தற்செயலன்று.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது: சாதி. பூந்தமல்லிக்கு இதில் ஒரு பழைய நினைவு உண்டு. இராமாநுசருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பி இவ்வூரில் பிறந்தவர், வைசியர். அவர் உண்ட மிச்சத்தை உண்ணப் பிராமணரான இராமாநுசர் விரும்பிய கதையை வைணவர் இன்றும் சொல்வர். யார் யாருக்கு ஆசிரியராகலாம் என்ற கேள்வியை இந்த மண் கிறிஸ்தவத்துக்கு முன்பே எதிர்கொண்டுவிட்டது. குருமடத்தின் கதவு சட்டப்படி எல்லாருக்கும் திறந்தே இருந்தது. ஆனால் தலித் கிறிஸ்தவர்கள் குருத்துவத்திலும் ஆயர் பதவிகளிலும் தங்களுக்குரிய பங்கைப் பெறவில்லை என்ற முறையீடு தமிழகத் திருச்சபையில் தொடர்ந்து ஒலித்தது; தமிழக ஆயர் பேரவை 1990-இல் தலித் கிறிஸ்தவர்களுக்கான பத்து அம்சத் திட்டம் அறிவிக்க நேர்ந்ததே அம்முறையீட்டின் வலுவுக்குச் சான்று. ஐரோப்பியரின் இடத்தில் தமிழர் அமர்ந்தால் போதும் என்று எண்ணிய தலைமுறை, எந்தத் தமிழர் என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டது. மத்தியாஸும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே.

மத்தியாஸ் 1965 ஆகஸ்டில் இத்தாலியில் இறந்தார். குருப்பயிற்சியைப் பற்றிய வத்திக்கான் சங்க ஏடு அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. இந்திய வாழ்வைப் பற்றிய அவரது நினைவுக் குறிப்புகளும் அவ்வாண்டுதான் இத்தாலிய மொழியில் நூலாயின. அவரைப் பற்றி எழுதுவோர் இதுவரை அந்த நூலையும் விழா மலர்களையும் மேற்கோளாக்கி நிறைவடைந்துவிட்டனர். பூந்தமல்லியில் சேர்ந்தவர்கள், இடையில் விலகியவர்கள், திருப்பொழிவு பெற்றவர்கள் ஆகியோரை 1936 முதல் ஊர்வாரியாகவும் சமூகவாரியாகவும் பெற்றோரின் தொழில்வாரியாகவும் வகுத்துப் பார்க்கும் ஆய்வையே அவருக்குச் செய்யும் முதல் மரியாதையாகக் கருதுகிறேன். நெசவாளியின் மகனும் சேரிப் பிள்ளையும் எந்த ஆண்டு முதல் அந்த வகுப்பறையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தால்தான், ஆசிரியராக அவர் எவ்வளவு வென்றார் என்பதை அளக்க முடியும்.