கடல் கடந்து வந்து கருநாடக இசையில் கலந்த வயலின்

திருஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைத்து உடன் சென்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பாடும் குரலின் வழியே நரம்புக்கருவி செல்ல வேண்டும் என்னும் நெறி நம்மிடையே அத்துணைப் பழமை வாய்ந்தது. யாழ் வழக்கொழிந்தது. இன்று நவராத்திரி மேடைகளில் பாடகரின் அருகமர்ந்து அப்பணியை ஆற்றி வருவது வயலின் ஆகும்.

இக்கருவியின் தாயகம் இத்தாலி. 16ஆம் நூற்றாண்டில் கிரெமோனா நகரில் ஆந்திரேயா அமாத்தி உருவாக்கிய வடிவத்தை, அதே நகரில் பணியாற்றி 1737இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி செம்மையின் உச்சத்திற்கு உயர்த்தினார். மேற்பலகைக்கு ஸ்புரூஸ் மரமும் அடிப்பலகைக்கு மேப்பிள் மரமும் கொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஆங்கிலேயருடன் சென்னைக்கு வந்த இக்கருவியை, முத்துசாமி தீட்சிதரின் இளவலான பாலுசாமி தீட்சிதர் (பிறப்பு 1786) ஓர் ஐரோப்பியக் கலைஞரிடம் பயின்றார்; பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

அயல்நாட்டுக் கருவி நம்முடையதானது எவ்வாறு? வீணையைப் போல இதற்கு மெட்டுக்கள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லும் இடமெல்லாம் கமகம் பிறக்கும். மேலைநாட்டுச் சுருதி அமைப்பை விடுத்து, நான்கு தந்திகளையும் சட்ஜ பஞ்சமங்களாக, பாடுவோரின் சுருதிக்கேற்பக் கூட்டினர். தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கலாயினர்.

தம் பிள்ளைகளுக்கு வயலின் வாங்க விழையும் பெற்றோர், மெருகைக் கண்டு மயங்காது, ஆசிரியரை உடனழைத்துச் செல்வது நன்று. கால், அரை, முக்கால், முழு என அளவுகள் உண்டு. குழந்தையின் கைநீளத்திற்கு ஒத்ததையே கொள்ள வேண்டும். பிருடைகள் எளிதில் திரும்பி, திருப்பிய இடத்தில் நிற்கின்றனவா, குதிரை செங்குத்தாக உள்ளதா, பலகைகளின் இணைப்பில் பிளவு உண்டா என நோக்குதல் வேண்டும்.

வாங்கியபின் பேணுதலே பெரிது. வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் பசை இளகி இணைப்புகள் பிரியும். வாசித்து முடித்ததும் ரோசின் துகளைத் துடைத்து, வில்லின் மயிரைத் தளர்த்தி வைத்தல் அவசியம். தந்திகளை ஒருங்கே கழற்றுதல் கூடாது. ஏனெனில், மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே பசையின்றித் தந்திகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சிறு மரத்தண்டு ஒன்று உள்ளே உண்டு. அது சாய்ந்தால் நாதம் குன்றும். அத்தண்டுக்கு இத்தாலியர் இட்ட பெயர் ‘ஆன்மா’.

பெட்டிக்குள் உறங்கும் வயலின் வெறும் மரமே. நாள்தோறும் சுருதி கூட்டி வாசிக்கும் பிள்ளையின் கையிலேதான், யாழ்ப்பாணர் ஆற்றிய தொண்டு இத்தலைமுறையிலும் தொடரும்.