படகுக்குச் சாவி வந்த கதை

1922ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் தண்ணீர்மேல் நின்றார். மறுநாள் அவருக்கு 19 வயது நிறைகிறது. அதற்குமுன் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்து மூழ்கியிருந்தார். பனிச்சறுக்குக் கட்டைகளும் அவரைத் தாங்கவில்லை. கடைசியில் எட்டடி நீளமுள்ள இரண்டு பைன் பலகைகளை எடுத்து, நுனிகளைக் கொதிநீரில் பதப்படுத்தி மேல்நோக்கி வளைத்து, தோல் வார் அடித்துக் காலை நுழைத்துக்கொண்டார். சகோதரர் பென் மோட்டார் படகை ஓட்டினார். ரால்ஃப் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, கட்டைகளின் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்தார். சூட்சுமம் அந்தச் சாய்வில்தான் இருந்தது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1925இல் ஃபிரெட் வாலர் என்பவர் தம்முடைய கட்டைகளுக்கு வாங்கிக்கொண்டார். சாமுவேல்சன்தான் முன்னோடி என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் ஏற்றுக்கொள்ள 1966 வரை ஆயிற்று.

விளையாட்டு பிறந்துவிட்டது. அதற்கென்றே ஒரு படகு பிறக்க மேலும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன. இழுப்பதற்கு எந்தப் படகும் போதும், சறுக்குவதற்குப் போதாது. படகின் பின்னால் எழும் அலைதான் தடை. இடமும் வலமுமாக மிதவைகளைச் சுற்றி வளைந்து போகிறவர் ஒவ்வொரு முறையும் அந்த அலையைக் கடக்க வேண்டும். அலை உயர்ந்தால் கால் தடுமாறும். இன்ஜினைப் பின்னால் தொங்கவிட்ட படகில் பின்பாரம் கூடி அலை பெரிதாகும். மயாமியில் நீர்ச்சறுக்குப் பள்ளி நடத்திய லியோ பென்ட்ஸ் இதற்கு வழி தேடினார். ஃபைபர்கிளாஸ் உடலும், நடுவில் தாழ வைத்த இன்ஜினும், அடிப்பகுதி வழியே நேராக இறங்கும் ஷாஃப்டும் கொண்ட அவருடைய படகின் வார்ப்பச்சை 1961இல் ஃபுளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் வாங்கியது. ஸ்கீ நாட்டீக் என்ற பெயர் அங்கிருந்து ஊரெல்லாம் பரவியது.

பழைய ஸ்கீ படகு ஒன்றைப் புதுப்பிக்க இறங்குகிறவர் இந்த வரலாற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சாவியைத் திருகினால் படகு ஏன் கிளம்பவில்லை என்பதற்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது. சறுக்குகிறவருக்காக இன்ஜினைத் தாழ வைத்தார்கள். அந்த இன்ஜினின் அடியில், படகின் பள்ளத்தை ஒட்டிப் பல படகுகளில் ஸ்டார்ட்டர் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் உள்ள பழைய பாணி அடைப்பு, ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். அது அப்படித்தான் அமைக்கப்பட்டது. ஈர உடம்போடு ஏறுகிறவர்கள் கொண்டுவரும் தண்ணீரும் அதே பள்ளத்துக்குத்தான் போகும். நீரை வெளியேற்றும் பம்ப் ஒருநாள் நின்றுபோனால் முதலில் முழுகுவது ஸ்டார்ட்டர்.

மற்றப் பாதி விடை நிலத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் காருக்காகப் பிறந்த பொருள். அதற்கு முன்னால் இன்ஜினில் கம்பியை நுழைத்துக் கையால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். நம் ஊரில் அம்பாசடர் ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு அந்தக் கம்பியைத் தெரியும். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதே என்ற எச்சரிக்கையும் தெரியும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கம்பி திரும்பி வந்து கையை முறித்துவிடும். கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர் 1908இல் இறந்ததற்கு அப்படி ஓர் அடியே காரணம், அந்தத் துயரமே அவருடைய நண்பரான கேடிலாக் அதிபர் ஹென்றி லேலண்டைத் தூண்டியது என்று டெட்ராய்ட்டில் வழிவழியாகச் சொல்கிறார்கள். லேலண்ட் நாடியது ஒஹையோ மாநிலம் டேட்டனில் இருந்த சார்லஸ் கெட்டரிங்கை.

கெட்டரிங் முன்பு நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் செய்து கொடுத்தவர். இன்ஜினைச் சுழற்றும் மோட்டார் இன்ஜின் அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும் என்பது அன்றைய வல்லுநர்களின் கணக்கு. நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரி. கல்லாப்பெட்டி மோட்டாரோ ஒரு நொடி உழைத்து ஓய்வெடுப்பது. அப்படியானால் சிறிய மோட்டாரிலும் தாங்க முடியாத அளவு மின்சாரத்தைச் சில நொடிகளுக்கு மட்டும் பாய்ச்சலாம். அது சூடாகிக் கருகுவதற்குள் இன்ஜின் கிளம்பிவிடும். இந்த ஒரே எண்ணத்தில் 1912 மாடல் கேடிலாக்குக்கு ஸ்டார்ட்டர் பிறந்தது. இன்றைக்கும் செல்ஃபை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். பத்து நொடி, பிறகு ஓய்வு. அவ்வளவுதான் அதன் பிறவிக்குணம்.

கோளாறு பார்க்கும்போதும் கெட்டரிங் வழியிலேயே யோசிக்க வேண்டும். அத்தனை மின்சாரம் சில நொடிகளில் பாய வேண்டுமானால் வழியில் எங்கும் தடை இருக்கக் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் 9.6க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் முக்கினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மறு முனையை ஸ்டார்ட்டரின் போல்ட்டிலும் வைத்து மறுபடி அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தடை அந்த வழியில்தான் எங்கோ இருக்கிறது. எர்த் பக்கமும் இதே சோதனை. வெளியே பளபளக்கும் கேபிளின் உறைக்குள்ளே தாமிரம் பச்சை பூத்து மாவாகிக் கிடக்கும்.

சத்தமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். படபடவென்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சாலினாய்டின் உள்முனை கருகியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பல்லைப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லையென்றால் மெயின் பிரேக்கர், சாவி சுவிட்ச், கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே மின்சாரம் விடும் பாதுகாப்பு சுவிட்ச், இன்ஜின் வயர்கள் எல்லாம் சேரும் பெரிய பிளக் என்று வரிசையாகப் பாருங்கள். அந்தப் பிளக்கைக் கழற்றி ஊசிகளைச் சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்துபோன படகுகள் உண்டு.

அந்த ஒற்றை ‘டக்’குக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். துருப்பிடித்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வழியாகக் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலும் மேலும் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இன்ஜினை முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்டார்ட்டரை மாற்றுவதற்குமுன் இதைச் செய்யாதவர் இன்ஜினையே இழக்க நேரும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு செய்திகள். பழைய ஸ்கீ படகுகள் பலவற்றில் இன்ஜின் காரில் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுற்றும். திசை பொருந்தாத ஸ்டார்ட்டர் அங்கே உதவாது. இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காருக்கு அடியில் வெட்டவெளி, ஆவி கலைந்துவிடும். படகில் அது பள்ளத்தில் இறங்கித் தேங்கும், ஸ்டார்ட்டர் இருக்கும் அதே பள்ளத்தில். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தீப்பொறி விடுவது இயல்பு. அந்தப் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டதுதான் படகு ஸ்டார்ட்டர். 1971இல் வந்த அமெரிக்கப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெட்ரோல் படகுகளுக்கு இது கட்டாய விதியானது. சாவியைத் திருகுமுன் குறைந்தது நான்கு நிமிடம் ஆவியை வெளியேற்றும் புளோயரை ஓடவிட்டு, பள்ளத்தை மோந்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

கார் கடையில் கிடைக்கும் ஸ்டார்ட்டர் பார்வைக்கு அப்படியே இருக்கும், போல்ட்டும் பொருந்தும், விலையும் குறைவு. அதை மட்டும் படகில் மாட்டாதீர்கள்.