உரிக்கத்தக்க ரப்பர்ப் பூச்சு

உரிக்கத்தக்க ரப்பர்ப் பூச்சு என்பது நீர்ம நிலையில் தெளிக்கப்பட்டு, உலர்ந்தபின் நெகிழும் தன்மையுள்ள ரப்பர்ப் படலமாக மாறும் ஒருவகை மேற்பூச்சு ஆகும். தானுந்துகள் (கார்கள்), விசையுந்துகள் ஆகியவற்றின் நிறத்தைத் தற்காலிகமாக மாற்றுவதற்கு இது பயன்படுகிறது. முறையாகப் பூசப்பட்டிருந்தால், வேண்டாதபோது கையாலேயே இதனை உரித்து எடுத்துவிடலாம். அடியிலுள்ள தொழிற்சாலை வண்ணம் அப்படியே இருக்கும். இவ்வகைப் பூச்சுகளுள் பரவலாக அறியப்பட்டது, ஐக்கிய அமெரிக்காவில் தயாரிக்கப்படும் 'பிளாஸ்டி டிப்' ஆகும்.

வரலாறு

ஒரு பொருளைக் காப்பதற்காக அதன்மேல் உரிக்கத்தக்க படலம் ஒன்றைத் தெளிக்கும் எண்ணம் புதியதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பணியிலிருந்து ஒதுக்கி நிறுத்தப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் பீரங்கிகள் முதலிய கருவிகள்மேல் நெகிழிப் படலம் தெளித்து, ஈரமும் துருவும் அண்டாமல் மூடிவைத்தனர். பட்டுப்புழுவின் கூட்டை ஒத்திருந்ததால் இம்முறை ஆங்கிலத்தில் 'கூடு கட்டுதல்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கப்பட்டது.

பிளாஸ்டி டிப் 1972 இல் அறிமுகமானது. அப்போது அதற்கும் வாகனங்களுக்கும் தொடர்பில்லை. குறடு, திருப்புளி போன்ற கருவிகளின் கைப்பிடியை இந்நீர்மத்தில் தோய்த்து எடுத்தால், வழுக்காத உறை ஒன்று கிடைக்கும். பெயரிலுள்ள 'டிப்' என்பது இந்தத் தோய்த்தலையே குறிக்கின்றது. இதனைத் தயாரிக்கும் நிறுவனம் மினசோட்டா மாநிலத்தின் பிளெய்ன் நகரில் அமைந்துள்ளது. பின்னர் தெளிப்புக் குப்பிகளிலும் இது விற்பனைக்கு வந்தது. வாகன ஆர்வலர்கள் முதலில் சக்கர வளையங்களுக்கும் முகப்புச் சின்னங்களுக்கும் கறுப்பு நிறம் கொடுக்க இதனைப் பயன்படுத்தினர். 2010களின் தொடக்கத்தில் முழு வாகனத்துக்கும் பூசும் வழக்கம் இணைய நிகழ்படங்கள் வாயிலாகப் பரவியது.

உரியும் தன்மைக்குக் காரணம்

இந்நீர்மத்தில் செயற்கை ரப்பரும் நிறமிகளும் டொலுயீன், நாஃப்தா போன்ற கரைப்பான்களில் கலந்துள்ளன. கரைப்பான் ஆவியானதும் ரப்பர் எஞ்சிப் படலமாகிறது. வாகனத் தொழிற்சாலைகளில் பூசப்படும் வண்ணம் வேதிவினையால் இறுகுவது. இங்கோ அத்தகைய இறுக்கம் நிகழ்வதில்லை. எனவே உலர்ந்த படலம் பெட்ரோல் போன்ற கரைப்பான்கள் பட்டால் மீண்டும் இளகும்.

படலம் உரிவதும் கிழிவதும் இரண்டு விசைகளின் போட்டியைப் பொறுத்தவை. ரப்பருக்கும் வாகனப் பரப்புக்கும் இடையிலுள்ளது வேற்றினக் கவர்ச்சி விசை. ரப்பர் மூலக்கூறுகளுக்குள்ளேயே உள்ளது ஓரினக் கவர்ச்சி விசை. ஒரு பட்டையை உரிக்கத் தேவைப்படும் விசை அதன் அகலத்தைப் பொறுத்தது. படலத்தின் தடிப்பு கூடுவதால் அது பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அப்பட்டை அறுந்துபோகாமல் தாங்கும் விசை தடிப்புக்கு ஏற்பக் கூடும். ஆகவே தடித்த படலம் முழுத் தாளாக உரியும். மெல்லிய படலம் நகத்தளவு துணுக்குகளாகவே கிழியும்.

குறைவாகப் பூசினால் எடுப்பது எளிது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. சிக்கனம் கருதி இரண்டு பூச்சுடன் நிறுத்திவிட்டு, பின்னர் நாட்கணக்கில் சுரண்டிக்கொண்டிருப்பதே இம்முறையில் புதியவர்கள் அடையும் பெருந்தொல்லை.

பூசும் முறை

வாகனம் நன்கு கழுவப்பட்டு, மெழுகும் எண்ணெய்ப் பசையும் நீக்கப்பட்டு, முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். கதவிடுக்குகளிலும் கண்ணாடி ஓரங்களிலும் தங்கும் நீர், தெளிக்கும்போது காற்றழுத்தத்தால் வெளிவந்து பூச்சைக் கெடுக்கும். நேரடி வெயிலும் கடுங்குளிரும் ஏற்றவையல்ல.

முதற்பூச்சு பரப்பை முழுமையாக மறைக்கக் கூடாது. பழைய நிறம் பாதியளவு தெரியும்படி மெலிதாகத் தூவப்படும் இப்பூச்சே, அடுத்து வருபவை வழியாமல் பற்றிக்கொள்ள இடமளிக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பூச்சையும் பரப்பு சீராக நனையும்படி இட்டு, சற்று உலரவிட்டு அடுத்ததைத் தொடர வேண்டும். பொதுவாக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பூச்சுகள் இடப்படுகின்றன. வெளிர்நிற வாகனத்தைக் கருமையாக்குவது எளிது. கருநிறத்தின்மேல் வெள்ளை அல்லது மஞ்சள் இடுவதற்கு மேலும் பல பூச்சுகள் தேவைப்படும்.

ஓரங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மறைப்பு நாடாவைக் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். உலர்ந்தபின் இழுத்தால் நாடாவுடன் பூச்சும் சேர்ந்து வரும். விளக்குகளின் மேலும் சின்னங்களின் மேலும் படிந்ததைப் பின்னர் உரித்துவிடலாம் என்பதால், சாதாரண வண்ணப்பூச்சைப் போல் எல்லாவற்றையும் மூடிக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் சொரசொரப்பான, வண்ணம் பூசாத நெகிழிப் பகுதிகளை மூடியே ஆகவேண்டும். அவற்றின் நுண்குழிகளில் ரப்பர் இறங்கிவிட்டால் எடுப்பது கடினம்.

உரித்தல்

தடித்த ஓரம் ஒன்றை விரலால் நெம்பித் தூக்கி, சீராக இழுத்தால் படலம் பெரிய தாள்களாக வரும். வாகனம் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை எளிதாகும். வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த படலம் நெகிழ்வை இழந்து முறியத் தொடங்கும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்துப் புதிதாகப் பூசுவது, அல்லது மேலே சில பூச்சுகள் கூட்டுவது நன்று. உரிய மறுக்கும் மெல்லிய படலத்துக்கும் இதே மருந்துதான்: அதன்மேல் மீண்டும் தடிப்பாகத் தெளித்து, உலர்ந்தபின் இரண்டையும் சேர்த்து உரிக்கலாம். எஞ்சும் துணுக்குகளை இதற்கென விற்கப்படும் கரைப்பானால் துடைக்கலாம்.

அடிவண்ணம் நலமாக இருந்தால்தான் இவையெல்லாம் பொருந்தும். ஏற்கெனவே செதிலடித்த வண்ணம் படலத்துடன் சேர்ந்து பெயர்ந்துவிடக்கூடும். அண்மையில் பூசி இன்னும் இறுகாத வண்ணத்தைக் கரைப்பான் பாதிக்கும்.

குறைபாடுகளும் பாதுகாப்பும்

பெட்ரோல் நிரப்பும்போது சிந்தினால் அவ்விடம் உப்பிச் சுருங்கும். உடனே துடைக்காவிட்டால் அப்பகுதியை மீண்டும் பூச வேண்டியிருக்கும். கூரிய பொருள் பட்டாலும் கிழியும். பொதுவாகப் பளபளப்பற்ற தோற்றமே கிடைக்கிறது. பளபளப்பு வேண்டுவோர் அதற்கெனத் தனி மேற்பூச்சு இடுகின்றனர். உருளும் தூரிகைகள் கொண்ட தானியங்கிக் கழுவகங்களைத் தவிர்ப்பது நல்லது. புகைபோக்கி போன்ற மிகச் சூடாகும் பாகங்களுக்கு இது ஏற்றதன்று.

ரப்பர் என்ற பெயரைக் கேட்டுத் தீங்கற்றதென்று கருதிவிடக் கூடாது. கரைப்பான் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றைவிட அடர்த்தி மிகுந்ததாகையால் தரையோரமாகப் பரவித் தொலைவிலுள்ள சுடரையும் எட்டும். டொலுயீன் ஆவியைச் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் உண்டாகும். துணி முகமூடியோ தூசி முகமூடியோ இதனைத் தடுக்காது. கரிம ஆவிகளை உறிஞ்சும் வடிகலன் பொருத்திய சுவாசக் கவசமும் காற்றோட்டமான இடமும் தேவை.

சட்ட நிலை

பூச்சு தற்காலிகமானது என்பதால் சட்டமும் அதனைப் பொருட்படுத்தாது என்று கொள்வதற்கில்லை. ஐக்கிய இராச்சியத்தில் வாகனத்தின் நிறம் மாறினால் ஓட்டுநர், வாகன உரிம முகமையிடம் தெரிவித்துப் பதிவேட்டைத் திருத்த வேண்டும். இந்தியாவிலும் பதிவுச் சான்றிதழில் நிறம் குறிக்கப்படுகிறது. மேலும், மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பாதுகாப்புத் துறைக்குரியவை அல்லாத வாகனங்களுக்கு ஆலிவ் பச்சை நிறம் பூசுவதைத் தடை செய்கின்றன.